திறந்த குழாயில் ஓடாத ரத்தம்

1. மேசை மேல் ஏலம்

மாதையன் கேத் லேப் மேசையில் மல்லாந்து படுத்துக்கொண்டு, தக்காளி பார்த்து வாங்குவது எப்படி என்று எனக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். நெஞ்சு முழுக்க இசிஜி ஒயர். மூக்கில் ஆக்சிஜன். வலது மணிக்கட்டு வழியாக டாக்டர் சரவணன் இதயத்துக்குக் குழாய் செலுத்திக்கொண்டிருந்தார். மாரடைப்பு வந்த மனிதர் பேசும் பேச்சா இது என்று புதிதாகப் பார்ப்பவர்களுக்குத் தோன்றும். பேச வைத்தது நான்தான்.

நான் தருமபுரியில் ஒரு தனியார் மருத்துவமனையின் கேத் லேப்பில், அதாவது இதயத்துக்குக் குழாய் விட்டு அடைப்பு எடுக்கும் அறையில், சிஸ்டராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். பெயர் இந்திரா, சொந்த ஊர் கம்பைநல்லூர். எனக்குப் பிறகு அந்த லேப்புக்கு வந்திருக்கும் பெண்கள், "அக்கா, பழைய கேஸெல்லாம் எழுதுங்க" என்று வாட்ஸ்அப்பில் நச்சரித்துக்கொண்டே இருக்கிறார்கள். எத்தனையோ கேஸ் இருக்க இதை எடுத்ததற்குக் காரணம் உண்டு. செய்ய வேண்டியதை எல்லாம் ஒழுங்காகச் செய்து முடித்த பிறகு, பாழாய்ப் போன கேஸ் இது. பிறகு மீண்டும் ஒழுங்கானதும் இதுதான். பயப்படாமல் படியுங்கள், ஆள் நன்றாக இருக்கிறார்.

பேச்சு கொடுக்கும் விஷயத்துக்கு வருகிறேன். ஆஞ்சியோவுக்கு முழு மயக்கம் கிடையாது. மணிக்கட்டில் மட்டும் மரக்க ஊசி போடுவோம். பேஷண்ட் விழித்துக்கொண்டே இருப்பார். மானிட்டரில் பிரஷர் குறைந்தால் மெஷின் கத்தும், வாஸ்தவம்தான். ஆனால் மெஷின் கத்துவதற்கு முன்னாலேயே மனுஷனுடைய குரல் மெலியும். அதனால் மேசையில் ஏற்றுவதற்கு முன்பே என்ன தொழில் என்று கேட்டுவைத்துக்கொள்வேன். வாத்தியார் என்றால் பிள்ளைகளைப் பற்றிக் கேட்டால் போதும், திட்ட ஆரம்பித்துவிடுவார். தீர்த்தமலைப் பக்கத்திலிருந்து வந்த ஒருவர் மலையிலுள்ள தீர்த்தங்களை ஒவ்வொன்றாக, அதனதன் மகிமையோடு சொல்லிக்கொண்டு வந்தார். கடைசித் தீர்த்தத்துக்கு அவர் வருவதற்குள் நாங்கள் அடைத்த குழாயை விரித்துப் பிடிக்கும் ஸ்டென்ட்டை வைத்து முடித்துவிட்டோம். மிச்சத்தை வார்டில் வந்து கேட்கச் சொன்னார், போய்க் கேட்டேன்.

மாதையன் மாரண்டஹள்ளியில் ஒரு காய்கறி மண்டியில் ஏலம் கூறுபவர். ஐம்பதைத் தாண்டிய வயது. ஊரில் கொஞ்சம் நிலமும் உண்டு, அதில் தக்காளி போட்டுப் பார்த்துக்கொள்வது அவர் மனைவி சாலம்மா. இப்படி ஒரு வாய் கிடைத்தால் விடுவேனா. ஒரு கூடையை ஏலம் விட்டுக் காட்டுங்கள் என்றேன். விட்டார். படுத்த நிலையிலும் குரல் கணீரென்று இருந்தது. டாக்டர் மானிட்டரிலிருந்து கண்ணை எடுக்காமல், தனக்கும் ஒரு கூடை வேண்டும் என்று விலை கேட்டார்.

"கையில வேலைய வெச்சிகினு ஏலம் கேக்காதீங்க சார்" என்றார் மாதையன். "ரெண்டுல ஒண்ணு கெட்டுப்போவும்."

லேப்பே சிரித்தது. முதுகில் ஈய ஏப்ரன் கனத்துக்கொண்டிருந்த எனக்கு அந்தச் சிரிப்பு மருந்து போல இருந்தது.

2. கடைசி வண்டி கிளம்பும் வரை

அவர் எங்களிடம் வந்து சேர்ந்த கதையைச் சொல்லாவிட்டால் பின்னால் நடந்தது புரியாது.

காலையில் ஏலம் ஆரம்பிக்கும்போதே நெஞ்சில் பாரம் ஏறியிருக்கிறது. கல்லை வைத்து அழுத்துகிற மாதிரி என்று எல்லோரும் சொல்வார்கள். இவர் தொழில் பாஷையில், நிறைந்த தக்காளிப் பெட்டியை மேலே இறக்கி வைத்தது மாதிரி என்றார். இடது கை மரத்திருக்கிறது. வேர்த்திருக்கிறது. வாயுத் தொந்தரவு என்று முடிவு கட்டி ஒரு சோடா குடித்திருக்கிறார். கூட இருந்தவர்கள் ஆளுக்கொரு வைத்தியம் சொல்ல, ஓமத்தை வாயில் போட்டு மென்றுகொண்டே விலை கூறியிருக்கிறார்.

ஏன் அப்போதே கிளம்பவில்லை என்று கேட்டதற்கு அவர் சொன்ன காரணம் அந்த ஊர்க்காரர்களுக்கு மட்டுமே தோன்றக்கூடியது. மண்டியில் ஒருவர் கூற ஆரம்பித்த ஏலத்தை அவரே முடிக்க வேண்டும். நடுவில் குரல் மாறினால் வியாபாரிகளுக்குச் சந்தேகம் வரும், விவசாயிக்கு விலை விழும் என்பது அங்கே நம்பிக்கை. ஓசூருக்குப் போகிற கடைசி வண்டி கிளம்பும் வரை மனிதர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நின்று கூறியிருக்கிறார். அந்தக் காலை நேரம் பூராவும் இதயத்துக்கு ரத்தம் போகவில்லை. விவசாயிக்கு மட்டும் நல்ல விலை போயிருக்கிறது.

பிறகாவது யாரையாவது கூப்பிட்டாரா என்றால் இல்லை. தானே மோட்டார் பைக்கை ஓட்டிக்கொண்டு வீட்டுக்குப் போயிருக்கிறார். சாலம்மா அவர் முகத்தை ஒரு தரம் பார்த்திருக்கிறார். தோட்டத்தில் லோடு ஏற்றிக்கொண்டிருந்த சின்ன டெம்போவில் முன் சீட்டில் அவரை உட்கார வைத்து, தானும் நெருக்கி உட்கார்ந்து பாலக்கோடு வந்துவிட்டார். அங்கே இசிஜி எடுத்ததுமே பெரிய மாரடைப்பு என்று தெரிந்துவிட்டது. மாத்திரைகளைக் கொடுத்து ஆம்புலன்ஸில் ஏற்றி எங்களிடம் அனுப்பிவிட்டார்கள். அந்த அம்மாவும் அன்றைக்கு வாயுதான், சரி போகட்டும் என்று இருந்திருந்தால் நான் இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.

ஆஞ்சியோ படத்தில் இதயத்தின் முன்பக்கம் இறங்கும் பெரிய ரத்தக்குழாய் பாதியில் துண்டித்த மாதிரி நின்றிருந்தது. அதற்கு மேலே கிளாட், அதாவது உறைந்த ரத்தக் கட்டி. கொஞ்ச நஞ்சமல்ல. நேரம் ஆக ஆகக் கட்டி வளரும், இறுகும். டாக்டர் படத்தைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கியது மாஸ்க்குக்கு வெளியே தெரியாது. ஆனால் வருஷக்கணக்கில் கூட நின்றால் கண்ணைப் பார்த்தே சொல்லிவிடலாம்.

மெல்லிய வயர் அடைப்பைத் தாண்டியது. அதன் மேல் ஆஸ்பிரேஷன் குழாயை அனுப்பி, மறுமுனையில் சிரிஞ்சை இழுத்துப் பிடித்து உறிஞ்சினார்கள். வலையில் வடிகட்டிப் பார்த்தால் நாவற்பழத் தோல் போலக் கருஞ்சிவப்புத் துணுக்குகள். கொஞ்சம் வந்துவிட்டது. படத்தில் ரத்தம் மெல்லக் கீழே இறங்க ஆரம்பித்தது. மாதையனுக்குப் பாரம் குறைந்தது. அந்தத் தெம்பில்தான் ஏலம் விட்டதும் டாக்டரைக் கண்டித்ததும்.

3. முனிராஜின் கட்டைவிரல்

எங்கள் லேப்பில் ஒரு வழக்கம் இருந்தது. அட்டெண்டர் முனிராஜ் அதற்குச் சொந்தக்காரர்.

முனிராஜ் எல்லை ஓரத்து ஊர்க்காரர். வீட்டில் கன்னடம், வெளியில் தமிழ். நல்ல மனசு, ஆனால் நல்ல சேதியை வாயில் அடக்கிவைக்கத் தெரியாத மனசு. லேப்பில் "ஸ்டென்ட் போட்டாச்சு" என்று டாக்டர் சொல்வது காதில் விழுந்ததும் கதவைத் திறந்து வெளியே போவார். காத்திருக்கும் சொந்தக்காரர்களுக்குக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டி, "ஆய்த்து" என்பார். முடிந்தது என்பதற்குக் கன்னடம். கன்னடமே தெரியாத அரூர்க்காரர்களுக்குக்கூட அந்தக் கட்டைவிரல் புரிந்துவிடும். அழுதுகொண்டிருந்தவர்கள் சாமி கும்பிடுவார்கள், முனிராஜின் கையைப் பிடித்துக்கொள்வார்கள். நாங்களும் தடுத்ததில்லை. ஸ்டென்ட் போட்டுவிட்டால் அநேகமாக எல்லாம் முடிந்த மாதிரிதான். வெளியே பதறிக்கொண்டிருப்பவர்களுக்குக் கொஞ்சம் சீக்கிரமே நிம்மதி கிடைத்தால் நமக்கென்ன நஷ்டம் என்று இருந்தோம்.

அன்றைக்கும் ஸ்டென்ட் போட்டாச்சு என்று டாக்டர் சொன்னார். முனிராஜ் போய்விட்டார்.

ஸ்டென்ட் போட்ட பிறகு டை செலுத்தி ஒரு படம் எடுப்போம். டை என்பது ரத்தக்குழாயைப் படத்தில் கறுப்பாகக் காட்டும் திரவம். ரத்தம் ஓடினால் அதுவும் கூடவே ஓடி, கிளை கிளையாகப் பிரிந்து, தசைக்குள் லேசாகப் புகை மாதிரி பரவி மறையும். அதைத்தான் பிளஷ் என்கிறோம். டாக்டர் படம் எடுக்கும் பெடலை மிதித்தார். ஸ்டென்ட் வைத்த இடம் அருமையாக விரிந்திருந்தது, பாடப் புத்தகத்தில் போடலாம். ஆனால் டை அந்த இடத்தைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போய் அப்படியே நின்றுவிட்டது. கிளையும் இல்லை, புகையும் இல்லை.

அந்தக் கணத்தில்தான் தக்காளிக்குக் காம்பு பச்சையாக இருக்க வேண்டும் என்று மறுபடியும் சொல்லிக்கொண்டு வந்த மாதையன் பாதி வாக்கியத்தில் நிறுத்தினார். நான் அவர் முகத்தைப் பார்த்தேன். வெளுத்திருந்தது.

"சிஸ்டரு, திரும்ப அழுத்துதுங்க" என்றார். அதற்குப் பிறகு அவர் பேசவில்லை.

பிறகுதான் மெஷின் கத்தியது. பிரஷர் இறங்கியது, நாடித் துடிப்பு மந்தமானது. சரியாக அந்த நேரத்தில் முனிராஜ் கண்ட்ரோல் ரூமுக்குள் வந்தார், கையில் ஒரு லட்டுடன். சேதி கேட்டு மாரண்டஹள்ளியிலிருந்து ஓடி வந்த மண்டிக்காரர்கள் சும்மா வரவில்லை, டப்பாவோடு வந்திருந்தார்கள் போலிருக்கிறது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நாங்கள் எல்லோரும் ஸ்கிரீனையே பார்த்துக்கொண்டு நிற்பதைக் கண்டதும் அவர் லட்டைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார். எனக்கு வந்த கோபத்தில் அந்த லட்டை அவர் தலையிலேயே உடைத்திருப்பேன். கையில் சிரிஞ்ச் இருந்தது, அதனால் தப்பித்தார்.

4. நோ ரீஃப்ளோ

இதற்கு எங்கள் வழக்கில் நோ ரீஃப்ளோ என்று பெயர். புதிதாக வந்தவர்கள் நன்றாகப் புரிந்துகொள்ள வேண்டும். பெரிய குழாயில் இருந்த கட்டியை ஸ்டென்ட் ஓரம் கட்டிவிட்டது. ஆனால் கட்டியிலிருந்து உதிர்ந்த தூள் கீழே போய், தசைக்குள் இருக்கும் மயிரிழை போன்ற குழாய்களில் அடைத்துக்கொள்கிறது. அந்தச் சின்னக் குழாய்களும் சும்மா இருப்பதில்லை. காலையிலிருந்து ரத்தம் இல்லாமல் கிடந்ததால் சுவர் வீங்கி, வழி சுருங்கிப் போயிருக்கும். வாசல் திறந்திருக்கிறது, வீட்டுக்குள் யாரும் போக முடியவில்லை. ரத்தம் போகாவிட்டால் தசை செத்துக்கொண்டே இருக்கும். மாதையனுடைய உயிர் அப்போது அந்த மயிரிழைக் குழாய்களில் இருந்தது.

டாக்டர் பதறவில்லை. எனக்கு அவரிடம் பிடித்த குணமே அதுதான். அவர் குரலைத் தாழ்த்தினால் நிலைமை மோசம் என்று அர்த்தம். அன்று கிட்டத்தட்டக் கிசுகிசுத்தார். ஸ்டென்ட் ஓரத்தில் கிழிசல் இல்லையே என்று பார்த்தார். காற்றுக் குமிழி போயிருக்குமா என்று பார்த்தார். இரண்டும் இல்லை. பிரஷரைத் தூக்க நார்அட்ரினலின் டிரிப் ஓடியது. கட்டி மேலும் சேராமலிருக்க இன்னொரு ஊசி. மெல்லிய குழாயை ஸ்டென்ட்டையும் தாண்டி ஆழத்துக்குக் கொண்டுபோய், நான் கலந்து கொடுத்த அடினோசினை அங்கேயே மெல்லச் செலுத்தினார். சுருங்கிக் கிடக்கும் சின்னக் குழாய்களை விரியச் செய்யும் மருந்து அது. செலுத்தியதும் துடிப்பு சில நொடி தள்ளாடி மறுபடி எழுந்தது. படம் எடுத்தோம். டை கொஞ்சம் நகர்ந்தது, மறுபடி நின்றது.

டெக்னீஷியன் பெண், ஸ்டென்ட்டுக்குள் இன்னொரு பலூன் ஊதிப் பார்க்கலாமா சார் என்று பயந்து பயந்து கேட்டாள். எல்லோருக்கும் கை துறுதுறுக்கிற நேரம் அது. டாக்டர் வேண்டாமென்று தலையை ஆட்டினார்.

"ஸ்டென்ட் நல்லாதான் இருக்கு. படம் இன்னும் அழகா வரணும்னு இப்ப நான் ஊதினா, மிச்சம் இருக்கற கட்டியையும் கீழ தள்ளிருவேன். மருந்துக்கு டைம் குடுப்போம்" என்றார்.

பிறகு என்னைப் பார்த்து, வெளியே சொல்லியாக வேண்டும் சிஸ்டர் என்றார். நிலைமை மோசம் என்றால் வீட்டாருக்கு உடனே தெரிவிக்க வேண்டும், அது விதி. அவர் கை கழுவிக் கவுன் போட்டு நிற்கிறார், வர முடியாது. எனக்குக் கீழே வேலை பார்த்த சிஸ்டரை மருந்துக்கு நிறுத்திவிட்டு நான் கிளம்பினேன். ஈய ஏப்ரனைக் கழற்றி மாட்டும்போது முனிராஜ் பக்கத்தில் வந்து, தானும் வரட்டுமா என்று கேட்டார். வேண்டாம், உங்கள் கட்டைவிரல் ஏற்கெனவே வந்துவிட்டுப் போய்விட்டது என்றேன். பாவம், முகம் சுண்டிப்போய்விட்டது.

5. லட்டுக் கூட்டத்தின் நடுவே

துக்கம் சொல்லி எனக்குப் பழக்கம் உண்டு. சந்தோஷத்தைத் திரும்ப வாங்கிப் பழக்கமில்லை. கதவைத் திறந்தால் மண்டியே அங்கே இருந்தது. வெள்ளை வேட்டியும் தலையில் துண்டுமாக ஆண்கள், எல்லோர் வாயிலும் லட்டு. பக்கத்தில் வேறு பேஷண்டுக்காகக் காத்திருந்தவர்களுக்கும் கொடுத்திருந்தார்கள். என்னைப் பார்த்ததும் ஒருவர் டப்பாவை நீட்டினார். போனில் யாரிடமோ, ஆள் பிழைத்துவிட்டான், சாயங்காலம் வந்து பார்க்கலாம் என்று ஒருவர் சத்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

சாலம்மா மட்டும் சுவரோரம் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். தோட்டத்து வேலைக்குப் போட்டிருந்த ஆண்பிள்ளைச் சட்டை புடவைக்கு மேல் அப்படியே இருந்தது. எழுந்து வந்தார்.

நான் எப்போதும் போல ஆரம்பித்தேன். அடைப்பை எடுத்தாயிற்று, ஸ்டென்ட் நன்றாக இருக்கிறது, ஆனால் ரத்த ஓட்டம் திருப்தியாக இல்லை, நிலைமை கொஞ்சம் கிரிட்டிகல். மண்டிக்காரர்கள் கொதித்துவிட்டார்கள். இப்போதுதானே முடிந்தது என்று சொன்னீர்கள், அதற்குள் என்ன செய்தீர்கள், சேலத்துக்குக் கொண்டுபோகிறோம் என்று ஆளாளுக்குக் குரல். அவர்கள் மேல் எனக்குக் கோபமே வரவில்லை. வாயில் இனிப்பு இருக்கும்போது கசப்பைச் சொன்னால் யார்தான் ஒத்துக்கொள்வார்கள்.

சாலம்மா கையை உயர்த்தி அவர்களை அடக்கினார். என்னிடம் ஒன்றுதான் கேட்டார்.

"அவரு பேசறாருங்களா?"

பொய் சொல்லலாம் என்று ஒரு நொடி தோன்றியது. "இப்பப் பேசலைங்க" என்றேன்.

அவர் கண்ணை மூடித் திறந்தார். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு கிரிட்டிகல், ஃப்ளோ என்று பேச எனக்கே வெட்கமாக இருந்தது. அப்போதுதான் பாலக்கோட்டுப் பக்கம் தக்காளித் தோட்டமென்றால் சொட்டுநீர் இல்லாமல் இருக்காதே என்று நினைவு வந்தது. உங்கள் தோட்டத்தில் டிரிப் உண்டா என்று கேட்டேன். இந்த நேரத்தில் என்ன கேள்வி இது என்று மண்டிக்காரர் ஒருவர் முறைத்தார். சாலம்மா தலையாட்டினார். மெயின் பைப்பில் அடைத்திருந்ததை எடுத்துவிட்டோம், ஆனால் என்று நான் இழுப்பதற்குள் அவரே முடித்துவிட்டார்.

"கசடு கீழ போயி டிரிப்பரெல்லாம் அடைச்சிகிச்சு. மோட்டாரு ஓடுது, பைப்புல தண்ணி இருக்குது, செடிக்குப் போவுல. அதானுங்களே?"

"அதேதாங்க."

"நாங்கன்னா ஆசிட்டு வுடுவோம். நீங்க என்னாங்க வுடுவீங்க?"

மருந்து விட்டுக்கொண்டிருக்கிறோம் என்றேன். திறந்துகொள்ளுமா என்றார். பெரும்பாலும் திறக்கும், சில சமயம் திறக்காது, இப்போது எனக்குத் தெரியாது என்று உள்ளதைச் சொன்னேன். டிரிப்பர் திறக்க நேரம் பிடிக்கும், அவசரப்பட்டு மோட்டாரை அழுத்தி விட்டால் இன்னும் போய் அடைக்கும் என்று அவர் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். உள்ளே டாக்டர் சொன்னதையே வேறு வார்த்தையில் கேட்டதும் எனக்குள் என்னவோ ஒரு தெம்பு வந்தது. இந்த அம்மாவுக்கு நிலைமை புரிந்துவிட்டது, இனி என்ன நடந்தாலும் இவரிடம் பேச முடியும் என்ற தெம்பு.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"அப்பறம் இங்க நின்னுகினு என்னாங்க பண்றீங்க? உள்ள போங்க."

போனேன். என்னுடைய மேட்ரன்கூட என்னை அப்படி விரட்டியதில்லை. கதவு மூடும்போது திரும்பிப் பார்த்தேன். மண்டிக்காரர்கள் சத்தமில்லாமல் டப்பாவை மூடிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருவர் பக்கத்திலிருந்தவருக்கு, கசடு போகாமலிருக்க இதயத்தில் ஃபில்டர் எங்கே வைப்பார்கள் என்று சந்தேகம் கேட்டுக்கொண்டிருந்தார்.

6. குரல்

உள்ளே இன்னொரு முறை மருந்து போயிருந்தது. டை முன்னைவிடக் கொஞ்சம் அதிக தூரம் போய்ச் சோம்பேறித்தனமாகக் கலைந்தது. பிரஷர், நார்அட்ரினலின் டிரிப்பின் தயவில் நின்றுகொண்டிருந்தது. நான் ஏப்ரனை மாட்டிக்கொண்டு மாதையன் தலைமாட்டில் போய் நின்று அவர் நெற்றியில் கை வைத்தேன். சில்லென்று இருந்தது. பேசுங்கள் என்றேன். பதில் இல்லை. சாலம்மா வெளியே இருக்கிறார், நீங்கள் பேசுகிறீர்களா என்று கேட்கிறார் என்றேன். இமை அசைந்தது, அவ்வளவுதான். சொல்ல வெட்கமில்லை, எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இத்தனை நாள் வேலை செய்தவள் அழக்கூடாது என்று எந்தப் புரோட்டோகாலிலும் எழுதவில்லை. ஆனால் என் மூக்குக்கண்ணாடியில் நீர் படிந்தால் மருந்து அளவு தெரியாது என்பதால் அடக்கிக்கொண்டேன்.

மறுபடி மருந்து கலந்து கொடுத்தேன். டாக்டர் அதை அவசரமே இல்லாத மனிதர் போல மெல்லச் செலுத்தினார். காத்திருந்தோம். பெடலை மிதித்தார்.

டை ஸ்டென்ட்டைத் தாண்டியது. கீழே இறங்கியது. ஒரு கிளை தெரிந்தது, அப்புறம் இன்னொன்று. கடைசி வரை போய், தசைக்குள் இலேசாகப் புகை போலப் படர்ந்து, மெல்ல மறைந்தது. டெக்னீஷியன் பெண் பிளஷ் வருது சார் என்றாள், கோவிலில் பேசுகிற குரலில். யாரும் கை தட்டவில்லை. டாக்டர் இன்னொரு கோணத்தில் படம் எடுத்தார், அதிலும் ஓடியது. மானிட்டரில் முகடு போலத் தூக்கி நின்ற இசிஜி கோடு கொஞ்சம் கொஞ்சமாகத் தாழ ஆரம்பித்தது. நெற்றியில் வைத்த என் கைக்குக் கீழே சூடு வந்த மாதிரி இருந்தது. அது என் கற்பனையாகவும் இருக்கலாம்.

மாதையன் கண்ணைத் திறந்து சுற்றிலும் பார்த்தார்.

"என்னாங்க, எல்லாரும் அமைதியாயிட்டீங்க?" என்றார்.

சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்துவிட்டது எனக்கு. டாக்டர் சரவணன், தன் கூடை என்ன ஆயிற்று என்று கேட்டார். அது அப்போதே வேறு ஆளுக்குப் போய்விட்டது, நீங்கள் விலை ஏற்றவே இல்லையே என்றார் மாதையன், குரல் கம்மி, ஆனால் கண்டிப்பாக.

கதவருகே முனிராஜ் துடித்துக்கொண்டு நின்றார். டாக்டர் பொறுங்கள் என்று கையைக் காட்டினார். கோடு இன்னும் இறங்கட்டும், பிரஷர் தன் காலில் நிற்கட்டும், கடைசியாக ஒரு படம் எடுப்போம் என்று எல்லாவற்றையும் பார்த்த பிறகுதான் போகச் சொன்னார். நானும் கூடப் போனேன். முனிராஜ் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, பள்ளிக்கூடப் பையன் ஒப்பிக்கிற மாதிரி, "ரத்தம் போவுதுங்கம்மா. பேசறாருங்க" என்றார். சாலம்மா அவரைப் பார்த்து, செடிக்குப் போவுதா என்று கேட்டார். போவுதுங்க என்றார் முனிராஜ், ஒன்றும் புரியாமலே. அப்புறம்தான் அந்த அம்மா உட்கார்ந்தார். முழு நாற்காலியிலும் உட்கார்ந்தார்.

ஆபத்து முழுக்கத் தாண்டிவிடவில்லை, அடுத்த இரண்டு மூன்று நாள் கவனம் வேண்டும் என்று நான் சொன்னதை மண்டிக்காரர்கள் வாயைத் திறக்காமல் கேட்டுக்கொண்டார்கள். டப்பாவை யாரும் திறக்கவில்லை.

அன்றிலிருந்து எங்கள் லேப்பில் ஸ்டென்ட் போட்டதற்குச் சேதி வெளியே போவதில்லை. ரத்தம் தசைவரை ஓடுகிறதா என்று பார்த்த பிறகே போகும். முனிராஜே இந்தச் சட்டத்துக்குக் காவல்காரர் ஆகிவிட்டார். புதிதாக வந்த பயிற்சி டாக்டர் ஒருவர் அவசரப்பட்டுக் கதவைத் திறக்கப் போனபோது, "பிளஷ் பாத்தீங்களா சார்?" என்று வழிமறித்திருக்கிறார்.

7. கோவிந்தன்

மாதையன் பிழைத்தார், ஆனால் பழைய இதயம் திரும்பவில்லை. எக்கோ ஸ்கேனில் பம்பிங் குறைந்திருந்தது. மாத்திரை, நடை, உப்பு குறைவு என்று வாழ்க்கை மாறியது. டிஸ்சார்ஜ் அன்று டாக்டர் அவரிடம் நயமாகப் பேசவில்லை. ஏலம் முடித்துவிட்டு வந்தீர்களே, அந்த நேரத்தில்தான் கட்டி இறுகியது, அதனால்தான் குழாயைத் திறந்தும் ரத்தம் போகவில்லை, முதல் வலியிலேயே வந்திருந்தால் இந்தப் பாடு தேவையில்லை என்று நேரடியாகச் சொன்னார். மாதையன் விலை படிந்துவிட்ட வியாபாரி போலத் தலையை மட்டும் ஆட்டினார்.

அதன் பலன் செக்கப்புக்கு வந்தபோது தெரிந்தது. அவர் இப்போது கொஞ்ச நேரம்தான் கூறுகிறார், மிச்சத்துக்கு வேறு ஆள். ஏலம் நடுவில் குரல் மாறுகிறது, விலை ஒன்றும் விழவில்லை என்று அவரே வியப்போடு சொன்னார். ஒவ்வொரு நாளும் ஏலத்தைத் தொடங்குவதற்கு முன், நெஞ்சு பாரமாக இருந்தாலோ, கை மரத்து வேர்த்தாலோ சொல்லிவிட வேண்டும், சோடா குடிக்கக் கூடாது, வாயு என்று எவனாவது சொன்னால் அவனையும் சேர்த்து வண்டியில் ஏற்றிவிடுவேன் என்று அறிவித்துவிட்டுத்தான் முதல் கூடைக்கு வருகிறாராம். மண்டியில் அவர் பேச்சுக்கு மரியாதை உண்டு, கொஞ்சம் பயமும் உண்டு.

சில மாதம் கழித்து ஒரு நாள் முற்பகலில் அதே மண்டியில் சுமை தூக்கும் கோவிந்தன் என்ற தொழிலாளியை எங்களிடம் கொண்டுவந்தார்கள். வரும்போதே சண்டை. எனக்கு ஒன்றுமில்லை, பெட்டியை இறக்கும்போது லேசாகப் பிடித்தது, அதற்குள் அந்த மாதையன் ஏலத்தையே நிறுத்திவிட்டு ஆளை வைத்துத் தூக்கி வண்டியில் போட்டுவிட்டான், என் மானமே போய்விட்டது என்று புலம்பினார். இசிஜியைப் பார்த்தால் அதே மாரடைப்பு. கட்டி அப்போதுதான் சேர ஆரம்பித்திருந்தது, சின்னது, இளசு. வயர் போயிற்று, பலூன் போயிற்று, ஸ்டென்ட் நின்றது. டை சரசரவென்று கடைசிவரை ஓடி, புகை போலப் படர்ந்து மறைந்தது. பிரஷர் இறங்கவில்லை, மெஷின் கத்தவில்லை. கோவிந்தன் மட்டும் முதலிலிருந்து முடிவுவரை மாதையனைத் திட்டிக்கொண்டே இருந்தார். எக்கோவில் இதயம் பழையபடியே துடித்தது. சில நாளில் நடந்தே வீட்டுக்குப் போனார்.

மாதையன் கேஸைப் பற்றி இவ்வளவு எழுதிவிட்டேன். கோவிந்தன் கேஸைப் பற்றி எழுத யோசித்துப் பார்க்கிறேன், இந்தச் சில வரிக்கு மேல் ஒன்றுமே இல்லை. வந்தார், திட்டினார், போனார். இந்த வேலையில் நான் கற்றுக்கொண்ட ஒரே பாடம் இதுதான்: நேரத்தோடு வந்தவர்களிடம் கதை இருக்காது. வருகிற எல்லோரும் அப்படியே வர ஆரம்பித்துவிட்டால் என்னைப் போன்றவர்களுக்கு எழுத எதுவுமே மிஞ்சாது. மிஞ்ச வேண்டாம்.